மாத்திரைக்கு எதிரே பிள்ளைகள் அறை: மதுரையில் ஒரு தாய்-சேய் மீட்பு மையம்

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொட்டாம்பட்டிப் பக்கம். எந்தப் பிள்ளைகள் அறைக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்ப்பேன், அடுத்தது தண்ணீர்க் குடம், அப்புறம்தான் சுவரில் ஒட்டியிருக்கிற யானை, சிங்கம் எல்லாம். மதுரையில், வலி மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீண்டு வரும் தாய்மார்களுக்காக நடக்கிற ஒரு பகல் மையத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். பெயரும் தெருவும் போட மாட்டேன். வருகிறவள் யார் வீட்டு மருமகள், எந்தத் தையல் கம்பெனியில் வேலை என்று இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுகிற ஊர் நம்முடையது. தேவைப்படுகிறவர்கள் எப்படிப் போய்ச் சேரலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். பிள்ளைகள் அறைக்கு 5க்கு 5. மருந்து கொடுக்கிற விதத்துக்கு 4. வேலை நேரத்துக்கு 2, அதுவும் பெரிய மனசு பண்ணி. வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்கு எதுவும் போடுவதாக இல்லை. காரணம் பின்னால் வரும்.

நாங்கள் அங்கே போய் நின்றது என் தங்கை மகளுக்காக. மேலூரில் வாழ்க்கைப்பட்டவள். மூத்தவன் பிறந்தது ஆபரேஷனில். அதற்குப் பின் விடாத இடுப்புவலி. நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்து உட்காருகிற வேலை வேறு. கூட வேலை பார்க்கிற யாரோ கொடுத்த பழைய சீட்டைக் காட்டி டிரமடால் வாங்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் கடைக்காரர் சீட்டுக் கேட்பதையும் விட்டுவிட்டார். அது அபின் வகையைச் சேர்ந்த மருந்து. 2018 ஏப்ரலிலேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இதெல்லாம் இடுப்புவலிக்கு மாத்திரை விழுங்குகிறவளுக்கு யார் சொல்கிறார்கள்? "போட்டா வேலை ஓடுது பெரியம்மா, பிள்ளை மேல கோவமும் வரல" என்பாள். போடாத நாளில் கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடம்பெல்லாம் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. விஷக்காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது முழுகாமல் இருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாமியார் வீட்டில், "இன்னையோட நிறுத்து, இல்லாட்டிப் பையனை விட்டுட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போ" என்றார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் கர்ப்பத்தில் இந்த வகை மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது சரியான வழி கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, இப்படிப்பட்ட கர்ப்பிணிகளைச் சட்டென்று நிறுத்த வைக்காமல், மருத்துவர் பார்வையில் மாற்று மருந்தில் தொடர்ந்து வைத்திருக்கச் சொல்கிறது. நிறுத்தினவர்கள் தாங்க முடியாமல் திரும்பவும் பழைய மாத்திரைக்கே போய்விடுவதுதான் அதிகம்.

சரி, மாற்று மருந்துக்கு எங்கே போவது? விசாரித்த மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்கானவை. பெண்களைச் சேர்க்கிற ஒரு இடத்தில் போனை எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சேர்த்துக்குறோம்மா, பையனை யார்கிட்டயாவது விட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றார். அப்போது பையனுக்கு 4 வயது. விட்டுவிட்டு வந்தால் திரும்பக் கொடுப்பார்களா என்பதே சந்தேகமாக இருக்கும்போது எவள் வருவாள்? டில்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பில், அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துகிறவர்கள் நாட்டில் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர் என்று போட்டிருந்தார்கள். அதில் பெண்கள் குறைவுதான். குறைவு என்பதாலேயே அவர்களுக்கென்று இடமும் குறைவு. இடம் இல்லாததால் யாரும் வெளியே வந்து சொல்வதும் இல்லை.

இந்த மையத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னது கிராமச் சுகாதாரச் செவிலியர். வாசல் போர்டில் போதை, மறுவாழ்வு என்று ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. தாய் சேய் பகல் மையம் என்று மட்டும் இருக்கிறது. எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால், "பிள்ளைக்கு எடை போடப் போறோம்" என்று சொல்லலாம். பொய்யும் கிடையாது.

உள்ளே போனால் ஒரு நடை. அதன் இந்தப் பக்கம் மருந்து கொடுக்கிற அறை, எதிர்ப் பக்கம் பிள்ளைகள் அறை. இரண்டுக்கும் அரைக்கதவு. தாய் உட்கார்ந்த இடத்திலிருந்து பிள்ளை தெரியும், பிள்ளைக்குத் தாய் தெரிவாள். கட்டடம் கட்டியவர் யோசித்துச் செய்தாரா, தற்செயலா என்று கேட்டேன். பழைய வீடுதானாம், கதவை மட்டும் அறுத்தார்களாம். அறுக்கச் சொன்ன புண்ணியவதி யாரோ!

இங்கே தருகிற மாற்று மருந்து புப்ரெனார்ஃபின், நலாக்சோன் இரண்டும் சேர்ந்த மாத்திரை. சாதாரண மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற சமாச்சாரம் கிடையாது. அங்கீகாரம் பெற்ற மையம் வழியாகத்தான் வரும். அதை விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். 5 முதல் 10 நிமிடம்வரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஒன்றரை வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு 10 நிமிடம் வாயை மூடி உட்கார்ந்து பாருங்கள். இரண்டாவதாகப் பிறந்த எங்கள் குட்டி ஆரம்பத்தில் அவள் அம்மா உதட்டை இரண்டு விரலால் பிரித்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். அம்மா பேசவில்லை என்றதும் கன்னத்தில் தட்டுவாள், அப்புறம் அழுவாள். அம்மா பதில் சொல்ல வாயைத் திறப்பாள், பாதி மாத்திரை எச்சிலோடு உள்ளே போய்விடும். அன்றைக்கு ராத்திரி உடம்புவலி.

மையத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்ததும் எதிர் அறை டீச்சர் அரைக்கதவுக்கு வந்து சோப்பு நுரை ஊத ஆரம்பிப்பார். பிள்ளை குமிழைப் பிடிக்கப் போகும். அம்மா கையைத் தட்டுவாள், தலையை ஆட்டுவாள், விரலால் "அங்கே பார்" என்று காட்டுவாள். வாய் திறக்க வேண்டியதே இல்லை. மாத்திரை கரைகிறவரை தாயும் பிள்ளையும் பேச்சில்லாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள். நர்ஸ் அதன் பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். செலவு என்று பார்த்தால் ஒரு சோப்பும் ஒரு கம்பி வளையமும்.

பிள்ளைகள் அறையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. தரை சிமெண்ட், ஆனால் கோரைப்பாய் முழுக்க விரித்திருக்கிறது, ஓரம் பிய்ந்த பாய் ஒன்றுகூட இல்லை. தண்ணீர்க் குடத்துக்கு மூடி, மூடிக்கு மேல் கைப்பிடி போட்ட டம்ளர். பொம்மைகள் கம்மி. தேங்காய்ச் சிரட்டை, மர அச்சு, துணிப் பந்து, பழைய பாத்திரங்கள். எங்கள் அங்கன்வாடியில் பொம்மைகள் ஆய்வுக்கு அதிகாரி வரும்போது மட்டும் பீரோவை விட்டு இறங்கும். இங்கே எல்லாம் தரையில் கிடக்கிறது. காலையில் சத்துமாவு உருண்டை, மதியம் பருப்புச் சாதமோ காய்கறிக் கலவைச் சாதமோ, வாரத்தில் சில நாள் அவித்த முட்டை. முட்டையைப் பிள்ளைக்கு டீச்சர் ஊட்டுவதில்லை. அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையாலேயே ஊட்ட வைக்கிறார். வேகமாகத் திணித்தால், "அவ மூஞ்சியப் பாரும்மா, முழுங்கிட்டாளா?" என்று மெதுவாகக் கேட்பார். அவ்வளவுதான்.

மாதாமாதம் எடை. இதைப் பார்த்ததும் எனக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை 1980இல் சோதனையாக ஆரம்பித்ததே எங்கள் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். 6 மாதம் முதல் 3 வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்குத் தனியாகச் சத்துணவு கொடுத்து, தாய்க்கும் சொல்லிக்கொடுப்பது அதன் வழி. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்காமார்கள் அந்தக் காலத்து ஆட்கள். தராசில் பிள்ளையை ஏற்றிவிட்டு அட்டையில் புள்ளி வைக்கும்போது தாய் முகத்தைப் பார்க்கச் சொல்வார்கள். இந்த மையத்திலும் புள்ளியைத் தாய் கையாலேயே வைக்கச் சொல்கிறார்கள். கோடு மேலே ஏறினால் அந்தப் பெண்களுக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாப் பரிசோதனையிலும் திட்டு வாங்கியே பழகினவர்கள் அவர்கள்.

எடையோடு நிற்பதில்லை. உட்காருகிறாளா, பிடித்துக்கொண்டு நிற்கிறாளா, கூப்பிட்டால் திரும்புகிறாளா, விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்று வயதுக்கு ஏற்ற பட்டியல் வைத்து டிக் போடுகிறார்கள். பின்தங்கினால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் குட்டிக்குப் பேச்சு கொஞ்சம் மந்தம் என்று தெரிந்தது இங்கேதான்.

குட்டி பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். பிரசவம் வேறொரு ஆஸ்பத்திரியில். பிறந்து இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாள் கை கால் நடுக்கம், கீச்சென்று அழுகை, அடுக்குத் தும்மல், பால் பிடிக்கவில்லை. கருவில் அபின் வகை மருந்துக்குப் பழகின பிள்ளைக்கு, பிறந்த பிறகு அது நின்றுபோவதால் வருகிற அவஸ்தை. மாற்று மருந்து எடுத்துக்கொண்டாலும் வரலாம், வைத்தியத்தில் சரியாகிவிடும் என்று மையத்து டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தனியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வராந்தாவில் எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரு நர்ஸ், "அம்மா பண்ணின வினை" என்றார். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது மையத்து சோஷியல் வொர்க்கர் வந்து டாக்டரிடம் பேசி, பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு வைக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். மங்கலான விளக்கு, சத்தம் இல்லாத மூலை, தாய்ப்பால். புப்ரெனார்ஃபின் எடுக்கிற தாய் பால் கொடுக்கலாமா என்று நானே பயந்தேன். கொடுக்கலாம், கொடுப்பது நல்லது, பாலில் போவது கொஞ்சம்தான் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து பேரனிடம் போனில் தேடச் சொன்னேன். அமெரிக்காவில் 26 ஆஸ்பத்திரிகளில் இப்படி அவஸ்தைப்பட்ட 1,305 பச்சைப்பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வந்திருக்கிறது. பிள்ளை சரியாகப் பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா, 10 நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா என்று மூன்றையும் பார்த்து, முதல் வைத்தியமாக மடியில் வைத்துத் தேற்றுவதையே செய்தார்களாம். அப்படிப் பார்த்த பிள்ளைகள் சராசரி 8.2 நாளில் வீட்டுக்குப் போகத் தயார் ஆகிவிட்டார்கள். வழக்கமான முறையில் பார்த்த பிள்ளைகளுக்கு 14.9 நாள் ஆகியிருக்கிறது. பச்சைப்பிள்ளையை மடியில் வை என்று சொல்ல இத்தனை ஆஸ்பத்திரி தேவைப்பட்டதா என்று எங்கள் அம்மாச்சி இருந்திருந்தால் கேட்டிருப்பார். ஆனால் அந்த நர்ஸிடம் காட்ட எனக்கு ஒரு எண் தேவைப்பட்டதே!

மையத்தில் வாரம் ஒரு நாள் தாய்மாருடன் தனித்தனியாகப் பேசுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் நான்சி சக்மன் என்ற உளவியலாளர், போதைச் சிகிச்சையில் இருக்கும் தாய்மாருக்காக உருவாக்கிய முறையிலிருந்து எடுத்துக்கொண்டதாம். பிள்ளை வளர்ப்புக்கு நூறு விதி சொல்வதை விட்டுவிட்டு, பிள்ளை மனசில் இப்போது என்ன ஓடும், என் மனசில் என்ன ஓடுகிறது என்று தாயையே யோசிக்க வைக்கிற முறை. எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. பேசிப் பேசி என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் வீட்டில் குட்டி தட்டைத் தூக்கி எறிந்தாள். இவள் கை ஓங்கினாள், நிறுத்தினாள், "தூக்கம் வருது போல பெரியம்மா, எனக்கும் தலை வலிக்குது, ரெண்டு பேரும் படுக்குறோம்" என்று தூக்கிக்கொண்டு போனாள். மூத்தவனுக்கு இந்தப் பொறுமை கிடைக்கவில்லை. பாவம் அவன்.

மருந்து விதத்தில் ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் வீட்டுக்குக் கொடுக்கிற மாத்திரை. பழகினவர்களுக்குச் சில நாளுக்கானதைக் கையில் தருகிறார்கள். கூடவே பூட்டுப் போட்ட ஒரு சின்னத் தகர டப்பா. பெரியவளுக்கு மருந்தான ஒரு மாத்திரையே சின்னப் பிள்ளை வாயில் போனால் மூச்சை நிறுத்திவிடக் கூடியது. அதனால் டப்பா மிக அவசியம். ஆனால் கொடுக்கிற டப்பாவின் பூட்டு மட்டரகம். எங்கள் வீட்டில் பையன் கொண்டை ஊசியால் திறந்துவிட்டான், நல்லவேளை காலி டப்பா. நாங்கள் டவுன்ஹால் ரோட்டில் நல்ல பூட்டாக வாங்கிப் போட்டோம். மையமே இதைச் செய்யலாம்.

இன்னொன்றை மனசாரப் பாராட்ட வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் பழைய மாத்திரை தெரிந்தாலும் பிள்ளைகள் அறையை நிறுத்துவதில்லை. சித்திரைத் திருவிழாச் சமயத்தில் இவள் ஒருமுறை சறுக்கினாள். மறுநாள் போகவே கூச்சப்பட்டாள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டீச்சர் குட்டியை வாங்கிக்கொண்டு, "நேத்து வரலியே, உன் துணிப்பந்து தேடுச்சு" என்று பிள்ளையிடம்தான் பேசினார். டாக்டரம்மா மருந்தின் அளவைத் திருத்தினார். திட்டு, சத்தியம், கற்பூரம் எதுவும் இல்லை. பிள்ளை அறையைத் தண்டனைக்குப் பிடித்து வைத்திருந்தால், அந்த வாரமே இவள் நின்றிருப்பாள்.

இனி குறைகள். காலை 10 மணிக்குத் திறந்து 1 மணிக்கு மூடினால் தையல் கம்பெனிக்குப் போகிறவள் என்ன செய்வாள்? கம்பெனியில் 9 மணிக்கே கேட்டை மூடிவிடுவார்கள். இவள் வேலையை விட்டுவிட்டாள், எல்லோராலும் முடியாது. காலை 7 மணிக்கு மாத்திரைக்கு மட்டுமாவது திறக்கலாம். அடுத்தது வாட்ச்மேன். போர்டில் இல்லாததை அவர் வாயால் ஒலிபரப்புகிறார். "மாத்திரையா, தடுப்பூசியா?" என்று தெருவே கேட்கிற மாதிரி ஒரு கேள்வி. புகார் எழுதிக் கொடுத்தேன், குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

பள்ளிக்கூட லீவில் பெரிய பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. மூத்தவனை நடையில் உட்கார வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. குட்டிகளுக்கான கழிப்பறை உயரம், அண்டாமேல் உட்கார்ந்த மாதிரி கால் தொங்குகிறது. மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு அம்மையார் வந்து நல்ல தாயின் கடமைகள் பற்றி உபதேசம் செய்கிறார், அதை நிறுத்தினால் ஒருவரும் வருத்தப்பட மாட்டார்கள். கணவன்மாரைக் கூப்பிட்டுப் பேசுவதும் போதாது. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது டீச்சர்கள் சம்பளம். நுரை ஊதின டீச்சர் நல்ல சம்பளம் கிடைத்து வேறு இடம் போய்விட்டார். குட்டி வாரக்கணக்கில் அரைக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரே முகத்தைத் தினமும் பார்ப்பதுதான் இந்த வயதில் பிள்ளைக்கு வைத்தியம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த முகத்துக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டாமா?

போக வேண்டியவர்கள் உங்கள் பகுதி கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ கேளுங்கள். 14446 போதை மீட்புக்கான இலவச உதவி எண், 14416 மனநல ஆலோசனைக்கு, இரண்டிலும் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்களை, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ தண்டிக்காமல் காக்க 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. தாய் சேய் நல அட்டை, பிள்ளைக்கு மாற்று உடுப்பு இரண்டு, அதற்குப் பழகின டம்ளர் ஆகியவற்றை எடுத்துப்போங்கள். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், செவ்வாய் நல்லது. டம்ளரில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் குட்டியின் டம்ளர் மாறிப்போய் இப்போது யாரோ ஒரு முருகேசனின் டம்ளரில்தான் பால் குடிக்கிறாள்.